பூட்டிய லயத்தில் ஒரு ஒப்பாரி

1

நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்தில் ஊழியர்களை ஆண்டுக்கு ஒரு முறை எங்காவது கூட்டிப்போவார்கள். இந்த முறை தேநீர் குடிக்கும் அறைச் சுவரில் ஒட்டியிருந்த அறிவித்தலில் எஸ்கேப் ரூம் என்று இருந்தது. கேள்விப்படாதவர்களுக்காகச் சொல்கிறேன்: காசு கொடுத்து நம்மை ஓர் அறைக்குள் பூட்டச் சொல்லி, உள்ளே ஒளித்து வைத்திருக்கும் புதிர்களை அவிழ்த்து, ஒரு மணி நேரத்துக்குள் கதவைத் திறந்துகொண்டு வெளியே வரும் விளையாட்டு அது. பயம் வரவேண்டும் என்பதற்காக அந்த ஊரில் நடந்த ஏதாவது பழைய கொடுமையைக் கதையாக வைத்திருப்பார்கள். எங்களுக்குத் தெரிவு செய்திருந்தது ஒரு சிறைச்சாலைக் கதை.

எல்லோரும் பெயர் கொடுத்தார்கள். நான் கொடுக்கவில்லை. மேற்பார்வையாளர் நல்ல பெண். தனியாகக் கூப்பிட்டு, அடைத்த இடங்கள் பயமா என்று கேட்டாள். ஆமாம் என்றேன். இந்த நாட்டில் ஒரு வியாதியைச் சொல்லிவிட்டால் அதற்கு மேல் யாரும் கேட்கமாட்டார்கள். ஆனால் அவள் அதை எங்காவது குறித்து வைத்திருப்பாளோ, விசா புதுப்பிக்கும் நேரத்தில் அது முன்னால் வந்து நிற்குமோ என்று அன்று முழுவதும் யோசித்துக்கொண்டிருந்தேன். எனக்கு எல்லாவற்றிலும் இப்படித்தான். என் கணவர் பிரபா சொல்வார், யாராவது சும்மா சிரித்தால்கூட எதற்குச் சிரித்தார்கள் என்று நான் இரண்டு நாள் ஆராய்வேன் என்று.

உண்மைக் காரணம் வேறு. போன ஆகஸ்ட் விடுமுறையில் ஊருக்குப் போனபோது, எல்ல என்ற மலைநாட்டுச் சுற்றுலா ஊரில் நான் அப்படி ஓர் அறைக்குள் போனேன். இந்த வாரம் என் மகனின் இரண்டாம் ஆண்டு நினைவும் வருகிறது. இரண்டையும் சேர்த்துத்தான் எழுதவேண்டியிருக்கிறது.

2

பதுளையில் நான் ஆசிரியையாக இருந்தேன். இங்கே வட இங்கிலாந்தில், மழையும் மூட்டமுமாக ஹப்புத்தளையை ஞாபகப்படுத்தும் ஒரு சிறிய நகரத்தில், வயதானவர்களைக் குளிப்பாட்டி உணவூட்டுகிறேன். வேலையைக் குறை சொல்லவில்லை. என் மகள் ரூத்துக்கு இங்கு வரும்போது மூன்று வயது, இப்போது எட்டு. "நான் பசி இருக்கேன்" என்று அவள் சொல்லும்போதெல்லாம் முதலில் திருத்தினேன். திருத்தத் திருத்த அவள் தமிழில் பேசுவதையே குறைத்துக்கொண்டாள். பிறகு திருத்துவதை நிறுத்தினேன். எது சரியென்று இன்றுவரை தெரியவில்லை.

இரண்டாவது குழந்தை உண்டானபோது, பிரசவத்துக்கு உதவியாக என் அக்கா செலினைக் கூப்பிடலாம் என்று முடிவு செய்தோம். எங்களுக்கு அம்மா இல்லை. என்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவள் அவள். தெமோதரைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்துத்தான் என்னைப் பதுளைப் பள்ளிக்கூட விடுதியில் வைத்துப் படிக்கவைத்தாள். விசாவுக்கு விண்ணப்பித்தோம். அவள் கணவரின் ஓட்டோ பதிவிலிருந்து ஞானஸ்நான அத்தாட்சிவரை எல்லாவற்றையும் நானே மொழிபெயர்த்து அனுப்பினேன். மறுத்துவிட்டார்கள். இவர் தம் நாட்டுக்குத் திரும்பிப் போவார் என்று நம்பப் போதிய ஆதாரம் இல்லையாம். தொலைபேசியில் அதைத் தமிழில் சொன்னபோது அக்கா சிரித்தாள்.

"எனக்கு தெமோதர ஸ்டேசனுக்கு அங்கிட்டு வழியே தெரியாது. நான் எங்க போயி ஒளிஞ்சிக்கப் போறேன்?"

ஏழாம் மாதத்தில் வயிற்றுக்குள்ளேயே குழந்தை இறந்துவிட்டது.

அடக்கச் சடங்கு ஆஸ்பத்திரியின் சிறு தேவாலயத்தில் நடந்தது. வெள்ளைப் பெட்டி, கறுப்பு மேலங்கி போட்ட ஒருவர் ஒரு கையால் தூக்கி வரக்கூடிய அளவுக்குச் சிறியதாக இருந்தது. நான்கு பேர் உட்கார்ந்திருந்தோம். ஒரு தாதி என் பக்கமாகக் கடதாசி மெல்லத் தள்ளிவைத்தாள், கண்ணைத் துடைக்க. அந்த அறையில் அழுவதற்கு ஓர் அளவு இருந்தது. நான் அந்த அளவைத் தாண்டவில்லை. வீட்டுக்கு வந்த பிறகும் தாண்டவில்லை. எங்கள் வீட்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு முதிய தம்பதி இருந்தார்கள். ரூத் ஓடி விளையாடினாலே சுவரில் தட்டுவார்கள். சத்தம் கேட்டால் பொலிசுக்கோ, பிள்ளைகள் நலம் பார்க்கும் அலுவலகத்துக்கோ சொல்லிவிடுவார்களோ என்று பயந்தேன்.

அக்காவுக்கு நான் சொன்னது இரண்டே வாக்கியம். குழந்தை தங்கவில்லை, எல்லாம் முடிந்துவிட்டது. அவள் ஏதோ கேட்க வந்தாள். வேலைக்கு நேரமாகிவிட்டது என்று வைத்துவிட்டேன். அதற்குப் பிறகு அவள் கேட்கவில்லை, நானும் பேசவில்லை. ரூத்திடம், பாப்பா வரமாட்டாள் என்றோ வரமாட்டான் என்றோகூடச் சொல்லாமல், வராது என்று மட்டும் சொன்னோம்.

3

சில மாதங்கள் கழித்து, வீடியோவில் பேசும்போது அக்கா ஒரு வெள்ளைச் சுவரின் முன்னால் நின்று பேசத் தொடங்கினாள். அவள் இருப்பது லயத்தில், தோட்டத் தொழிலாளர்களுக்கு ஒரே கூரையின் கீழ் வரிசையாகக் கட்டிய ஓர் அறைக் காம்பராக்களில் ஒன்றில். அங்கே வெள்ளைச் சுவர் கிடையாது. மச்சான், அதாவது அவள் கணவர், நத்தார் பண்டிகைக்கு நீலம்தான் அடிப்பார். எங்கே நிற்கிறாய் என்றால் வேலை இடம் என்பாள். என்ன வேலை என்றால் கூட்டிப் பெருக்கும் வேலை, எல்லயில், வெள்ளைக்காரர்கள் வருகிற இடம் என்பாள். முழங்கால் வலியால் கொழுந்து பறிக்க மலைக்குப் போவதை அவள் நிறுத்தியது எனக்குத் தெரியும். ஆனால் ஹோட்டலா, கடையா, யாருடைய இடம் என்று கேட்டால் உடனே ரூத்தைக் கூப்பிடச் சொல்வாள்.

எல்லயைப் பற்றி நான் கேள்விப்பட்டதெல்லாம் நல்லதாக இல்லை. தோட்டத்துப் பெண்களைச் சேலை கட்டவைத்து, கூடையைத் தலையில் மாட்டி, படம் எடுக்க நிறுத்திவைக்கிறார்கள் என்று ஒருமுறை வாசித்திருந்தேன். அக்காவை அப்படி நிறுத்தியிருக்கிறார்களோ? அல்லது அவள் சொல்ல விரும்பாத வேறேதோ வேலையோ? மச்சானைத் தனியாகக் கேட்டேன். அவர், "நல்ல எடம்தான் தங்கச்சி, லைட்டு எல்லாம் இருக்கு" என்று ஒரு பதில் சொன்னார். அந்தப் பதில் என்னை இன்னும் பயமுறுத்தியது.

4

ஆகஸ்டில் பிரபாவுக்கு விடுமுறை கிடைக்கவில்லை. ரூத்தை மட்டும் கூட்டிக்கொண்டு ஊருக்குப் போனேன். ரயிலில் போனோம், எல்லயில் இறங்கி ஒரு விருந்தினர் விடுதியில் அறை எடுத்தேன். ரூத்துக்கு இழுப்பு இருக்கிறது, லயத்து அடுப்புப் புகை ஒத்துக்கொள்ளாது என்று அக்காவுக்குக் காரணம் சொன்னேன். அது உண்மைதான். ஆனாலும் சொல்லும்போது பொய்போலவே கேட்டது. அக்கா வாங்கி வைத்திருந்த புது மெத்தை விரிப்பை மடித்து அலுமாரிக்குள் வைத்தாள்.

மற்றபடி அவள் பழைய அக்காதான். ரூத்தின் கையைப் பிடித்துக்கொண்டு தேயிலைக்கு நடுவில் நடந்தாள். ரூத் ஆங்கிலத்தில் கேட்டதற்கெல்லாம் தமிழில் பதில் சொன்னாள். இரண்டு பேரும் அதை ஒரு குறையாக எடுத்துக்கொண்டதாகத் தெரியவில்லை. என்னிடம் பேசும்போது மட்டும் அவள் கண் என் வயிற்றருகே போய்த் திரும்பியது. மறுபடியும் உண்டாகியிருக்கிறேனா என்று பார்க்கிறாளா? ஒரு பிள்ளையைப் பறிகொடுத்தவள் என்று பார்க்கிறாளா?

விடுதி வரவேற்பு மேசையில் ஒரு துண்டுப் பிரசுரம் இருந்தது. எல்லவுக்கு வெளியே, கைவிடப்பட்ட பழைய லயமொன்றில் எஸ்கேப் ரூம். ரூத் அதைப் பிடித்துக்கொண்டாள். அவள் வகுப்பில் எல்லோரும் போயிருக்கிறார்களாம், அவள் மட்டும்தான் போகவில்லையாம். அக்காவிடம் காட்டினேன். அவள் முகம் மாறிவிட்டது.

"அங்க புள்ளய கூட்டிட்டுப் போகாத."

ஏன் என்றேன்.

"சும்மா ஏமாத்து வேல. பயங்காட்டுவாங்க."

"உனக்கு எப்பிடிக்கா தெரியும்?"

"ஊருக்கே தெரியும்" என்று சொல்லிவிட்டு, அவசரமாகத் தேங்காய் துருவ உட்கார்ந்தாள். துருவின தேங்காய் ஏற்கெனவே ஒரு கிண்ணம் நிறைய இருந்தது. அப்போதே எனக்குப் புரிந்துவிட்டது, அந்த வெள்ளைச் சுவர் அங்கேதான் இருக்கிறதென்று.

மறுநாள் அக்காவுக்கு வேலை இல்லாத நாள். மச்சானோடு பதுளைச் சந்தைக்குப் போயிருந்தாள். நான் ரூத்தைக் கூட்டிக்கொண்டு அந்த இடத்துக்குப் போனேன்.

5

வாசலில் மூன்று மொழிகளில் ஒரு பலகை. தமிழ்தான் எல்லாவற்றுக்கும் கீழே, சிறிய எழுத்தில், பிழைகளோடு. வெள்ளைக்காரத் துரை காலத்தில் இந்த லயத்தில் கொள்ளைநோய் கண்டதாம். நோய் மற்ற லயங்களுக்குப் பரவாமலிருக்கத் துரை வெளியிலிருந்து பூட்டச் சொன்னாராம். உள்ளே இருந்தவர்கள் ஒரு வழி கண்டுபிடித்தார்களாம். நீங்கள் கண்டுபிடிப்பீர்களா?

பதுளையில் நான் சமூகக் கல்வி படிப்பித்தவள். கொள்ளைநோயில் எங்கள் ஆட்கள் கூட்டம் கூட்டமாகச் செத்தது தெரியும். ஆனால் இந்தத் தோட்டத்தில் இப்படி நடந்ததாக நான் எங்கும் படித்ததில்லை. இடத்தை நடத்துகிற அஷான் என்ற சிங்கள இளைஞன் வந்தான். முப்பது வயதுகூட இருக்காது. தமிழ் நன்றாகவே பேசினான். இந்தக் கதை உண்மையா என்று கேட்டேன்.

"கொஞ்சம் உண்மை மிஸ். கொஞ்சம் நாங்க சேத்தது" என்றான். எது எந்தக் கொஞ்சம் என்று சொல்லவில்லை. நான் ஆசிரியை என்பதை எப்படிக் கண்டுபிடித்தான் என்றும் தெரியவில்லை. பிறகு ஒரு தாளைக் கொடுத்தான்: காயமோ மன உளைச்சலோ ஏற்பட்டால் நிர்வாகம் பொறுப்பில்லை. கையெழுத்துப் போட்டுவிட்டு, போட்டிருக்கக்கூடாதோ என்று நினைத்தேன். செலின் என்று யாராவது இங்கே வேலை செய்கிறார்களா என்று கேட்க வாய் வரை வந்தது. கேட்டால் அவளுக்கு ஏதும் சிக்கல் வருமோ என்று விழுங்கிக்கொண்டேன்.

எங்களோடு வெளிநாட்டுப் பிள்ளைகள் இருவர், காதலர்கள்போல, சேர்ந்துகொண்டார்கள். கதவு பூட்டப்பட்டது. வெள்ளையடித்த சுவர், நான் வீடியோவில் பேசிப் பேசிப் பார்த்த அதே சுவர். தகரக் கூரையில் ஓட்டைகள், அதன் வழியாக வெளிச்சம் விழுவதுபோல் விளக்கு. கொழுந்துக் கூடை, அம்மி, காலையில் ஆளெண்ணும் பெரட்டுக்கு ஆட்களைக் கூப்பிட அடிக்கும் தப்பு மேளம், மண்ணெண்ணெய் விளக்கு. ஒவ்வொன்றிலும் எண் பூட்டு. மூலையில் சிவப்பாக ஒரு கமராக் கண். நான் பிறந்த காம்பராவும் இதே அகலம்தான். அதில் இரண்டு குடும்பங்கள் இருந்தோம். இந்தப் பிள்ளைகள் அதற்குள் ஒரு மணி நேரம் இருக்கப் பணம் கட்டியிருக்கிறார்கள்.

ரூத் சந்தோஷமாக இருந்தாள். அம்மிக்குக் கீழே சாவி இருப்பதை அவள்தான் கண்டுபிடித்தாள். கூடைக்குள்ளிருந்த பெட்டியைத் திறந்ததும் விளக்குகள் மங்கின. சுவருக்குள்ளிருந்து ஒரு பெண் ஒப்பாரி வைக்கத் தொடங்கினாள்.

முதலில் வார்த்தை இல்லை, இழுவை மட்டும். வெளிநாட்டுப் பெண் தன் கையைத் தேய்த்துக்கொண்டு, புல்லரிக்கிறது, எவ்வளவு தத்ரூபம் என்றாள். பிறகு வார்த்தை வந்தது.

"கடலுக்கு அங்கிட்டு என் கண்ணு போயிச் சேந்ததென்ன,
பனி பேயும் சீமையில பாய் விரிச்சுப் படுத்ததென்ன…"

ரூத் என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "அம்மா, இது பெரியம்மா."

எனக்கு அதற்கு முன்பே தெரிந்துவிட்டது. கதவருகே அவசரத்துக்கென்று ஒரு சிவப்புப் பொத்தான் இருந்தது. அதை அழுத்தினேன். கதவு திறந்தது, பாட்டு நின்றது. காதலர்கள் ஏமாற்றத்தோடு பார்த்தார்கள். ரூத் ஓட்டோவில் வரும் வழியெல்லாம் அழுதுகொண்டே வந்தாள். அவள்தான் அடுத்த பூட்டைத் திறக்க இருந்தாளாம்.

6

இங்கே ஒன்றைச் சொல்லவேண்டும். எங்கள் பக்கம் ஒப்பாரியைச் சும்மா பாடமாட்டார்கள். வீட்டுக்குள் முணுமுணுத்தாலே எவன் செத்தான் என்று அதட்டுவார்கள். செத்தவர் ஒருவர் இருந்தால்தான், அவரை வைத்துத்தான் பாட வேண்டும். ஆளில்லாமல் பாடினால் அது உயிரோடு இருக்கிறவரைத் தேடிப் போகும் என்பார்கள். எங்கள் வேதக்கோயிலில் உபதேசியார் இதையெல்லாம் மூடநம்பிக்கை என்று கண்டித்திருக்கிறார். நானும் வகுப்பில் அப்படித்தான் சொல்லிக் கொடுத்தேன். ஆனால் அக்கா, தோட்டத்தில் எந்தச் சாவு விழுந்தாலும் முதலில் கூப்பிடப்படுகிற அக்கா, அந்த வழக்கத்தை ஒருபோதும் மீறமாட்டாள் என்பது எனக்குத் தெரியும்.

அப்படியென்றால் அவள் யாரை வைத்துப் பாடினாள்? கடலுக்கு அப்பால், பனி பெய்யும் ஊரில், அவளுடைய கண் என்று இருப்பது யார்? நான். அல்லது ரூத்.

என்னைப் படிக்கவைத்தவள். நான் போனேன், அவளைக் கூப்பிட்டேன், கூப்பிட்டும் வரவழைக்க முடியவில்லை. இப்போது வந்தும் அவள் வீட்டில் தங்காமல் விடுதியில் தங்கியிருக்கிறேன். என்னைச் செத்தவளாக வைத்து அழுதுவிட்டாளா? அதைக் காசுக்கு விற்றுவிட்டாளா? ஒவ்வொரு நாளும் வருகிற ஆட்களுக்கெல்லாம் அது திரும்பத் திரும்ப ஒலித்துக்கொண்டிருக்கிறதே, அது எங்கே போய்ச் சேரும்?

ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிறவள் நான். அன்று மாலை விடுதிச் சமையற்காரரிடம் உப்பும் காய்ந்த மிளகாயும் கேட்டு வாங்கினேன். எதற்கு என்று கேட்டார், பிள்ளைக்குத் தொண்டை என்றேன். குளியலறையில் ரூத்தை நிறுத்தி மூன்று தடவை தலையைச் சுற்றினேன். எரிக்க அடுப்பு இல்லை. கழுவும் தொட்டியில் போட்டுத் தண்ணீரைத் திறந்துவிட்டேன். மிளகாய் அடைத்துக்கொண்டது. அதை விரலால் எடுத்துக்கொண்டு நிற்கும்போது, இந்தக் கோலத்தில் என் மாணவர்கள் யாராவது பார்த்தால் என்று நினைத்தேன். ஆனாலும் மனம் கொஞ்சம் ஆறியது.

இரண்டு நாள் அக்காவின் அழைப்புகளை எடுக்கவில்லை. ரூத்துக்குக் காய்ச்சல் என்று மச்சானுக்குச் செய்தி அனுப்பினேன். அனுப்பிய பிறகு, இல்லாத காய்ச்சலை வாயால் வரவழைக்கிறேனோ என்று பயந்து, ரூத்தின் நெற்றியை அடிக்கடி தொட்டுப் பார்த்தேன்.

7

மூன்றாம் நாள் காலை, முதல் ஆட்டம் தொடங்குவதற்கு முன்பாக, ரூத்தையும் கூட்டிக்கொண்டு அந்த இடத்துக்குத் திரும்பப் போனேன். அந்தக் குரலை எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் எழுத்தில் முறைப்பாடு செய்வேன் என்று அஷானிடம் சொல்ல, வார்த்தைகளை வழியில் கோத்துக்கொண்டு போனேன்.

அவன் சண்டைக்கு வரவில்லை. எடுத்துவிடலாம், ஆனால் அது செலின் அக்காவின் குரல், அவரைக் கேட்காமல் எடுக்கமாட்டேன் என்றான். எப்படிக் கிடைத்தது என்று கேட்டேன். சொன்னான். முதலில் இணையத்திலிருந்து எடுத்த ஏதோ ஓர் அழுகையைத்தான் போட்டிருந்தார்கள். அறையைக் கூட்டுகிற அக்கா அதைத் தினமும் கேட்டுவிட்டு, இது அழுகையே இல்லை, நடிப்பு என்றாளாம். அப்படியென்றால் நீங்கள் பாடுங்கள் என்று இவன் கேட்டிருக்கிறான். மாட்டேன் என்று பல நாள் சொல்லியிருக்கிறாள். பிறகு ஒரு நாள் தானாகவே வந்து, சரி, ஆனால் வெளியிலிருந்து பூட்டுங்கள், யாரும் பக்கத்தில் நிற்கக்கூடாது என்றிருக்கிறாள்.

"சல்லி குடுத்தேன் மிஸ், வாங்கல. யாருக்கு அழுதீங்கன்னு கேட்டேன். ஒங்களுக்கு பயம் வரணும், அது வந்துச்சுதானேன்னு சொல்லிட்டு போய்ட்டாங்க."

அப்போது அந்த லயத்துக் கதவைத் திறந்துகொண்டு அக்கா வெளியே வந்தாள். கையில் விளக்குமாறு. என்னைப் பார்த்ததும் முதலில் ரூத்தின் நெற்றியைத் தொட்டாள்.

"காய்ச்சல் இல்லையே?"

அவளை உள்ளே கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினேன். ரூத் வாசலில் நின்றாள். என்னை உயிரோடு வைத்து அழுதாயா, என் பிள்ளையை வைத்து அழுதாயா என்று கேட்டேன். நான் கோத்து வைத்திருந்த மரியாதையான வார்த்தை எதுவும் வரவில்லை.

அக்கா விளக்குமாற்றைக் கீழே போட்டாள். அவள் என்னை அடித்ததே இல்லை. அன்று அடித்துவிடுவாள் என்று நினைத்தேன்.

"ஒன்னய வச்சு நான் அழுவேனா? பால் மறக்காத புள்ளயா இருந்தப்ப இடுப்புல வச்சுக்கிட்டு மலைக்குப் போனேன் ஒன்ன. ரூத்த வச்சு அழுவேனா? எந்த வாயில கேக்குற?"

"அப்ப யாருக்கு?"

அவள் என்னைப் பார்த்த பார்வையில் கோபம் மெதுவாக வடிந்து, இவளுக்கு உண்மையிலேயே தெரியவில்லை என்கிற ஆச்சரியம் வந்தது.

"முழுசா கேட்டியா நீ?"

இல்லை என்றேன். அவள் கதவைத் திறந்து, தம்பி அதைப் போடுங்க என்று அஷானிடம் சொன்னாள். வெளிச்சம் மங்கவில்லை. காலை வெயில் கதவு வழியாக உள்ளே விழுந்துகொண்டிருக்க, சுவருக்குள்ளிருந்து அக்கா பாடினாள். கடலும் பனியும் கடந்து போன பிறகு, நான் பொத்தானை அழுத்திய இடத்துக்கு அப்பால், இப்படி இருந்தது:

"மொகம் பாத்து அழுகலாம்னா மொட்டு விரியலயே,
பேரு சொல்லி அழுகலாம்னா பெரியம்மா அறியலயே…"

நான் அம்மியின் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன்.

அக்காவும் முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெதுவாக உட்கார்ந்தாள். அவள் சொன்னதைக் கோவையாகச் சொல்ல என்னால் முடியாது, அவள் சொன்னபடியே எழுதுகிறேன்.

"நீ ரெண்டு வார்த்த சொல்லி வச்சுட்ட. பையனா பொண்ணான்னுகூட மச்சான்தான் பிரபாகிட்ட கேட்டு சொன்னாரு. எங்க பொதச்சீங்க, யாரு அழுதாங்க, ஒண்ணும் தெரியல. அங்க சத்தம் போட்டு அழமாட்டாங்களாமே. அப்ப அந்தப் புள்ளைக்கு யாருதான் அழுதது? வீட்டுல அழுதா, அடுத்த காம்பராக்காரி ஓடி வந்துருவா. லயமே கூடிரும். யாரு செத்தான்னு கேப்பாங்க. ஒன் கதய நான் எப்பிடி சொல்றது? மீரியபெத்த தோட்டத்துல மண்ணு சரிஞ்சப்ப ஒடம்பு கெடைக்காதவங்களுக்கும் போயி அழுதோம். அதும் அழுகதான். இங்க பூட்டு இருந்துச்சு. வெளிய கேக்காதுன்னு தம்பி சொன்னுச்சு. அழுதேன். அவங்களுக்கு வேணும்னா வச்சுக்கட்டும்னு விட்டுட்டேன்."

எங்கள் தோட்டத்து லயங்களில் ஒருவர் தனியாக அழ இடமில்லை என்பதை அங்கேயே பிறந்த நான் யோசித்திருக்கவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ இருக்கிறார்கள் என்று பயந்து நான் இங்கிலாந்தில் வாயை மூடிக்கொண்டிருந்த அதே மாதங்களில், அவளும் அதே காரணத்துக்காக மூடிக்கொண்டிருந்தாள். என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். நீ கேட்கவிடவில்லையே என்றாள். குத்திக்காட்டவில்லை, சாதாரணமாகச் சொன்னாள்.

பிறகு கேட்டாள், "என்ன பேரு வச்சீங்க?"

இறந்து பிறக்கும் குழந்தைகளையும் இங்கிலாந்தில் பதிவுசெய்ய வேண்டும். பதிவு அலுவலகத்துப் பெண், விருப்பமிருந்தால் ஒரு பெயர் சேர்க்கலாம், கட்டாயமில்லை என்று மெல்லிய குரலில் சொன்னாள். பிரபா எழுத்தெழுத்தாகச் சொன்னார். அதற்குப் பிறகு நாங்கள் இருவரும்கூட ஒருவருக்கொருவர் அந்தப் பெயரைச் சொன்னதில்லை.

"சாமுவேல்" என்றேன். என் குரலில் அது யாரோ அண்டை வீட்டுப் பையனின் பெயர்போல இருந்தது.

"சாமுவேலு" என்றாள் அக்கா. இன்னொரு தடவையும் சொல்லிப் பார்த்தாள். பிறகு கதவுப் பக்கம் திரும்பி, "தம்பி, அத எடுத்துருங்க" என்றாள்.

அஷான் எட்டிப் பார்த்தான். மிஸ் சொன்னதற்காக எடுக்கவேண்டாம், உங்களுக்கு வேண்டுமென்றால் இருக்கட்டும் அக்கா என்றான். வருகிறவர்கள் எல்லோரும் அதைப் பற்றித்தான் நல்லபடியாக எழுதுகிறார்கள் என்றும் சொன்னான்.

"அதுல பேரு தெரியலன்னு பாடியிருக்கேன். இப்ப தெரிஞ்சிருச்சு. இனி அது பொய்யி. பொய்யிக்கு அழக்கூடாது."

அவன் தலையாட்டிவிட்டுப் போனான். கதவை மெதுவாகச் சாத்தினான், பூட்டவில்லை.

சாவு வீட்டில் எங்கள் பெண்கள் தனியாக அழமாட்டார்கள். ஒருவர் தோளில் ஒருவர் கை போட்டு, தலையோடு தலை முட்ட, வட்டமாகக் குனிந்து உட்கார்வார்கள். சின்ன வயதில் அந்த வட்டத்தைத் தூரத்தில் நின்று பார்த்திருக்கிறேன். படித்த பிறகு, போகாமலிருக்கக் காரணம் தேடியிருக்கிறேன். அக்கா என் கழுத்துக்குப் பின்னால் கையைப் போட்டு இழுத்தாள். எனக்கு ஒப்பாரி தெரியாது. ஒரு வரி வரவில்லை. பெயரை மட்டும் சொன்னேன், திரும்பத் திரும்பச் சொன்னேன், அளவெல்லாம் போய்விட்டது. மிச்சத்தை அக்கா பார்த்துக்கொண்டாள்.

கதவு கொஞ்சம் திறந்தது. ரூத் நின்றுகொண்டிருந்தாள். எவ்வளவு கேட்டிருந்தாளோ தெரியாது. "தம்பியா?" என்று தமிழில் கேட்டாள்.

அக்கா தலையை நிமிர்த்தாமல், ஒரு கையை விலக்கி அவளுக்கும் இடம் விட்டாள்.